விசில் இல்லாத இருமல்

பிப்ரவரி 9

நாத்தனாருக்கு அண்ணி எழுதுவது.

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு நீ அவரா இவரா என்று குழப்பக் கூடாது. உன் அம்மா, கட்டில் கால்மாட்டில். நீ, நடையில் போர்வையைச் சுற்றிக்கொண்டு. மாடி வீட்டு டைப்பிஸ்ட் அம்மா, ஒரு பக்கம் மட்டும் பின்னின தலையோடு. டிப்போ ஆஸ்பத்திரி கம்பவுண்டர், வாசற்படியைத் தாண்டி உள்ளே வராமல். முதல் டிரிப் முடித்துவிட்டு வந்த உன் அண்ணன். நான். என் மடியில் பொட்டு, பிறந்து இரண்டு மாதம்கூட ஆகாதவள், சில்லென்று.

நாற்பத்தைந்து வருஷம் ஆகிறது. ஒருத்தரையும் விடவில்லை பார்.

போனில் பேசலாம்தான். ஆனால் உன் குரலைக் கேட்டால் எனக்குச் சண்டை வந்துவிடும், நீயும் பாதியில் வைத்துவிடுவாய். காகிதம் குறுக்கே பேசாது. அதனால் எழுதுகிறேன். எனக்கு ஒரு விஷயம் தெரிந்துவிட்டது. அதைச் சொல்லாமல் இருந்தால் வெடித்துவிடுவேன்.

என் பேரனை நாங்கள் குண்டு என்று கூப்பிடுகிறோம், உடம்பில் பிடித்துப் பார்க்கச் சதையே இல்லாததால். அவனும் இன்னும் இரண்டு மாதம் முடிக்கவில்லை. வியாழக்கிழமை காலை மருமகள் குளிக்கப் போயிருந்தாள். நான் குழந்தையோடு தனியாக இருந்தால் அவள் குளியலறைக் கதவுக்குத் தாழ் போடுவதில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும். குண்டுவுக்கு லேசாக மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். படுத்த வாக்கில் சின்னதாகச் செருமினான், பூனைக்குட்டி தும்மின மாதிரி. பிறகு சத்தமே இல்லை. சமர்த்தாகத் தூங்கிவிட்டான் என்றுதான் நினைத்தேன். சும்மா எட்டிப் பார்த்தேன். உதடு மை தொட்டு வைத்த மாதிரி இருந்தது. நெஞ்சு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

அடியே, என் வாயிலிருந்து வந்த சத்தத்துக்கு எதிர் வீட்டு நாய் குரைத்தது! அவனைத் தூக்கி முதுகைத் தேய்க்கிறேன், உள்ளங்காலைச் சுண்டுகிறேன், "டேய் குண்டு, டேய் குண்டு" என்று கத்துகிறேன். மருமகள் தலை நிறைய சோப்பு நுரையோடு ஓடி வந்தாள். அதற்குள் அவன் விக்கி ஒரு மூச்சு இழுத்தான். உதடு கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்தது. டாக்சிக்காரன் நல்லவன், "பிடிச்சுக்கோங்க பாட்டி" என்றான், எந்த விளக்குக்கும் நிற்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில்தான் பார்த்தேன், என் காலில் இருந்தது என் மகனுடைய செருப்பு.

அங்கே குழந்தைகள் டாக்டர் ஒரு சின்னப் பெண். முதலில் என்ன கேட்டாள் தெரியுமா? "வீட்டுல யாருக்காவது ரொம்ப நாளா இருமல் இருக்கா?" கேட்டு முடிப்பதற்குள் என் மகன் இருமினான். "தூசி டாக்டர். லிஃப்ட் ரிப்பேர் பண்றவன் நான். நாள் பூரா குழிக்குள்ளதான் வேலை" என்றான். அவள் ஒரு முகமூடியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். அப்பன் மூக்கிலும் பிள்ளை மூக்கிலும் குச்சி விட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். நேற்று முடிவு வந்தது. இரண்டு பேருக்கும் கக்குவான்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "கக்குவானா? அது எனக்குத் தெரியாதா? இருமி இருமி, கடைசியில இழுத்து விசில் ஊதற மாதிரி கூவும். இவன் கூவவே இல்லையே!" என்றேன்.

அவள் என்னைப் பிடித்து உட்கார வைத்தாள். "அந்த விசில் பெரிய பிள்ளைங்களுக்கு வரும் பாட்டி. சில பெரியவங்களுக்கும் வரும். இத்தனூண்டு நெஞ்சுல கூவறதுக்கு ஏது பலம்? சில குழந்தைங்க இருமக்கூட மாட்டாங்க. மூச்சு நின்னுடும், அவ்வளவுதான். பாத்தா தூங்கற மாதிரியே இருக்கும்."

தூங்குகிற மாதிரியே இருக்குமாம்!

உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நூல் மில் விடுதியிலிருந்து நீ இருமலோடு வந்தாய். பொட்டு பிறந்த சமயம். இருமுவாய், இருமுவாய், கடைசியில் கூவுவாய். டிப்போவில் உன் அண்ணனை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, விசிலு என்பார்கள். அப்படி ஊதுவார், பஸ்ஸில் தூங்குகிறவன் எழுந்து தன் ஸ்டாப் இல்லாத ஸ்டாப்பில் இறங்கிப் போவான். அந்தப் பேரை நான் வாயால் சொன்னதே இல்லை. உன் அம்மாதான் உன்னைக் காட்டிச் சிரிப்பார்கள், "எங்க வீட்டுல இப்ப ரெண்டு விசிலு" என்று. பொட்டுவை மடியில் போட்டுக் கொஞ்சிக்கொண்டே அவள் முகத்தில் இருமினவள் நீ.

டாக்டரிடம் பொட்டுவைப் பற்றிச் சொன்னேன். "அன்னைக்குப் பாக்காம எதுவும் சொல்ல முடியாது பாட்டி. கக்குவானா இருந்திருக்கலாம். காரணமே தெரியாம தூக்கத்துல போயிடற குழந்தைங்களும் உண்டு. எங்க படுத்திருந்தா?" என்றாள். "தொட்டில்ல" என்றேன். மருமகள் தரையைப் பார்த்துக்கொண்டு மெல்லச் சொன்னாள்: "உங்க பக்கத்துலதானே அத்தை?"

அவளுக்கு யார் சொன்னது? நீதான். "அண்ணி தூக்கத்துல புரண்டு படுத்துட்டாங்க" என்ற பேச்சை ஊரெல்லாம் கொண்டுபோனதும் நீதான். நான் அவளைத் தொட்டிலில்தான் போட்டேன். பச்சைத் துண்டு, கால் ஜன்னல் பக்கம். விழித்தபோது என் விலாவோடு கிடந்தாள். "தூக்கக் கலக்கத்துல நீயே எடுத்திருப்ப, மறந்திருப்ப" என்றார்கள். அன்றைக்கு முடிவு பண்ணினேன், இனிமேல் எதையும் மறப்பதில்லை என்று. உன் கல்யாணத்தன்று என் மடக்குக் குடையை நீ எடுத்துக்கொண்டு போனது உள்பட.

உன் இருமல் என் பெண்ணைக் கொண்டுபோனது. உன் வாய் என்னைக் கொலைகாரி ஆக்கியது. பதில் எழுது.

அண்ணி


பிப்ரவரி 13

அண்ணி அவர்களுக்கு,

குழந்தை இப்போது எப்படி இருக்கிறான் என்று ஒரு வரி எழுதத் தோன்றவில்லையே உங்களுக்கு. மூன்று பக்கம் என்னைத் திட்ட இடம் இருந்தது. எழுந்ததும் அவன் ஞாபகம்தான் வருகிறது. உடனே எழுதுங்கள்.

இருமலைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டுத் தையல் மிஷினை நிறுத்திவிட்டேன். மறுநாள் கொடுக்க வேண்டிய பள்ளிக்கூடச் சட்டைகள் பாதியில் கிடக்கின்றன. எனக்கு அப்போது பதினேழு வயசு. எங்கள் விடுதியில் பாதிப் பேர் இருமினார்கள். சூப்பர்வைசர் பஞ்சுத் தூசி என்றார், நானும் அப்படியே நம்பினேன். என் அண்ணன் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சினேன். முத்தம் கொடுத்தேன். அது குற்றம் என்றால் குற்றம்தான். பொட்டுவின் வாசனை எனக்கு இன்னும் மறக்கவில்லை. உங்களுக்கு மட்டும்தான் ஞாபகசக்தி என்று நினைக்காதீர்கள்.

ஆனால் செய்யாததைத் தலையில் கட்டாதீர்கள். புரண்டு படுத்தீர்கள் என்று முதலில் சொன்னது அம்மா. அதற்குத் தலையாட்டியவர் கம்பவுண்டர், குழந்தையைத் தொட்டுக்கூடப் பார்க்காமல். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. இருமல் விட்டால்தானே பேசுவதற்கு? உங்கள் மருமகளிடம் வளைகாப்புக்கு வந்தபோது "நல்லா இருக்கியாம்மா" என்றதைத் தவிர எதுவும் பேசினதில்லை. அதற்கும் நீங்கள் நடுவில் வந்து நின்றீர்கள். என்னை நல்லதங்காளாக்க வேண்டாம், சூர்ப்பணகையாக்காமல் இருந்தால் போதும்.

தொட்டிலில் இருந்தாளா பக்கத்தில் இருந்தாளா என்று அந்த டாக்டரிடம் வாதாடினீர்களாமே. அண்ணன்தான் விடிகாலையில் டியூட்டிக்குக் கிளம்பும்போது தூக்கி உங்கள் பக்கத்தில் போட்டாரே, அதையே சொல்லியிருக்கலாமே. இறந்துபோனவரை இன்னும் எதற்குக் காப்பாற்றுகிறீர்கள்?

குடை என்னிடம் இல்லை.

நாத்தனார்


பிப்ரவரி 16

அடியே,

என்ன எழுதியிருக்கிறாய் நீ? அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. மருமகளைக் கூப்பிட்டுச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன், என் கண்தான் ஏதோ கோளாறு பண்ணுகிறது என்று. அவளும் அதையேதான் படித்தாள். படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

எனக்குத் தெரியாது. நான் யாரையும் காப்பாற்றவில்லை. எனக்குத் தெரியவே தெரியாதடி!

குழந்தை நன்றாக இருக்கிறான். அதை முதலில் எழுதவில்லை என்று திரும்பவும் திட்டாதே. ஒரு மிஷினோடு கட்டிப் போட்டிருக்கிறார்கள், மூச்சு நின்றால் அது கத்தும். முதல் இரண்டு நாள் அது கத்தும்போதெல்லாம் என் உயிர் போய்ப் போய் வந்தது. இப்போது கத்துவது குறைந்துவிட்டது. இன்றைக்குப் பால் குடித்துவிட்டு நர்ஸ் மேலேயே கக்கினான், அவள் "சபாஷ்" என்றாள். எங்கள் எல்லாருக்கும் மருந்து கொடுத்தாயிற்று. என் மகன் ஒரு மூலையில் முகமூடி போட்டுக்கொண்டு திருடன் மாதிரி உட்கார்ந்திருக்கிறான்.

நீ பார்த்ததை மட்டும் எழுது. என்ன நினைத்தாய், என்ன தோன்றியது எல்லாம் வேண்டாம். உன் கண் பார்த்தது, காது கேட்டது. இன்றைக்கே தபாலில் போடு. உன் தையல் மிஷினை நிறுத்திவிட்டு எழுது.

அண்ணி


பிப்ரவரி 20

அண்ணி,

உங்களுக்குத் தெரியாது என்பதை என்னால் நம்பவே முடியவில்லை. நம்பின பிறகு உட்கார முடியவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தேன். இவர், "உனக்கு என்ன ஆச்சு, காலில் சக்கரமா" என்று கேட்டார்.

பார்த்ததை எழுதுகிறேன்.

நான் நடையில் படுத்திருந்தேன். இருமி இருமித் தூக்கம் வரவில்லை. அண்ணன் காக்கிச் சட்டை போட்டு, விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். விளக்குப் போடவில்லை, டார்ச்சைத் தரையில் அடித்துக்கொண்டு நடந்தார். தொட்டில் பக்கம் குனிந்தார். குழந்தையின் கன்னத்தைத் தொட்டார். "அடடா, பிள்ளை குளிர்ல விறைச்சுப் போச்சே" என்றார். எனக்கு நன்றாகக் கேட்டது. துண்டோடு அப்படியே தூக்கி உங்கள் பக்கத்தில் விட்டார். உங்கள் போர்வையை இழுத்து அவளுக்கும் போர்த்தினார். நீங்கள் அசையவில்லை, பல நாள் தூங்காதவர்கள். என்னைத் தாண்டும்போது, "இருமி அவங்களை எழுப்பிடாதே" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் வாயில் போர்வையை அடைத்துக்கொண்டேன்.

அப்போதே அவள் போயிருந்தாள் அண்ணி. அவருக்கு அது தெரியவில்லை. குளிர் என்றுதான் நினைத்தார்.

பிறகு அவர் திரும்பி வந்தபோது அம்மா அழுதுகொண்டே சொன்னார்கள், "பாவி மக, புரண்டு படுத்துட்டாடா" என்று. அண்ணன் தொட்டிலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான், இதோ சொல்லப் போகிறார், இதோ சொல்லப் போகிறார் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "என்ன பண்றது, அசதி" என்றார். அவ்வளவுதான்.

உங்களிடம் தனியாகச் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். புருஷன் பெண்டாட்டிக்குள் அதைக்கூடவா சொல்லமாட்டார்? நீங்கள் அவரை ஒரு நாளும் ஒரு சொல் சொல்லவில்லை. என்னைத்தான் விரட்டி விரட்டித் திட்டினீர்கள். சரி, புருஷனை விட்டுக்கொடுக்காமல் பழியை என் பக்கம் தள்ளுகிறார்கள், கெட்டிக்காரி அண்ணி என்று நினைத்து நானும் வாயை மூடிக்கொண்டு உங்கள் மேல் கோபமாகவே இருந்துவிட்டேன். இத்தனை வருஷமும் நான் கோபப்பட்டது இல்லாத ஒருத்தியிடம்.

உங்களுக்குச் சரியாகத்தான் ஞாபகம் இருந்திருக்கிறது. பச்சைத் துண்டுதான். கால் ஜன்னல் பக்கம்தான்.

குடையைத் தேடினேன். பரணில் இருக்கிறது. கம்பி ஒன்று உடைந்திருக்கிறது. எப்படி வந்தது என்று சத்தியமாகத் தெரியாது.

நாத்தனார்


பிப்ரவரி 24

என் நாத்தனாருக்கு,

குண்டு வீட்டுக்கு வந்துவிட்டான்! நேற்றுக் காலை. மிஷின் இல்லை, குழாய் இல்லை, சொந்த மூச்சு. இருமல் இன்னும் கொஞ்ச நாள் இருக்குமாம், ஆனால் நிறம் மாறுவது நின்றுவிட்டது. வாசலில் மாடிப்படி, செருப்பு அலமாரி, கேஸ்காரன் எல்லாரையும் அவனுக்குக் காட்டினேன். கேஸ்காரன் "யாரு பாட்டி, புது முதலாளியா?" என்றான். "இருமல் இருந்தா நாலு வீடு தள்ளி நின்னு பேசு" என்று விரட்டிவிட்டேன்.

உன் கடிதம் அதற்கு முந்தின நாள் வந்தது. படித்தேன். படித்துவிட்டு என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். மருமகள் பயந்துவிட்டாள். எனக்கு நிற்கவே இல்லை. தொட்டிலில்தான் போட்டேன்! நான் சொன்னேன் அல்லவா, தொட்டிலில்தான் போட்டேன்! டிப்போ குடியிருப்பு முழுக்க என்னை மறதிக்காரி என்றது. நாற்பத்தைந்து வருஷம் நான் ஒரு பிள்ளையோடும் ஒரே பாயில் படுக்கவில்லையடி. என் மகன் காய்ச்சலில் கிடந்தபோதும் தரையில் உட்கார்ந்தே பார்த்தேன், கை அவன் மேல் பட்டுவிடுமோ என்று.

பிறகு என் மகனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "டேய், புரண்டு படுத்த கதையை உன் பொண்டாட்டிக்கு யாரு சொன்னது?" அவன் ரொம்ப நேரம் முகமூடிக்குள்ளேயே ஏதோ சொன்னான். கழற்றச் சொன்னேன்.

"நான்தாம்மா."

"உனக்கு யாரு சொன்னது?"

"அப்பா. என் கல்யாணத்துக்கு முன்னாடி. நாளைக்கு உனக்குக் குழந்தை பொறந்தா அம்மாகிட்ட ராத்திரி விடாதே, அவளுக்குத் தூக்கம் ஜாஸ்தின்னு சொன்னாரு."

நான் உன் கடிதத்தை அவன் கையில் கொடுத்தேன். அவன் படித்துவிட்டு என் காலடியில் உட்கார்ந்து அழுதான், தன் இருமலுக்கும் சேர்த்து. "என்னாலதானேம்மா குண்டுவுக்கு வந்துச்சு" என்றான். "இருமல் உன்கிட்ட சொல்லிட்டா வந்துது? எழுந்திரு, மூக்கைத் துடை" என்றேன். சொல்லும்போதே எனக்கு உறைத்தது. பெற்ற மகனுக்குச் சொல்லத் தெரிந்ததை உனக்கு நான் சொல்லவில்லை. பதினேழு வயசுப் பெண்ணிடமும் அது சொல்லிவிட்டு வரவில்லை. உன்னை விட்டுவிட்டேன், போ. பொட்டு போனதற்கு அதுதான் காரணமா என்று அந்த டாக்டரே உறுதியாகச் சொல்லவில்லை, இனிமேல் யாரும் சொல்லவும் முடியாது. எனக்கு அது போதும். நான் இல்லை, அது போதும்.

இன்றைக்கு மத்தியானம் மருமகள் குண்டுவைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது. "அத்தை, கொஞ்ச நேரம் நீங்க பாத்துக்கறீங்களா? நான் கதவைச் சாத்திட்டுத் தூங்கறேன்" என்றாள். சாத்திட்டு என்று அவள் அழுத்திச் சொன்னது என் காதில் விழுந்தது. தாழ்ப்பாள் போட்ட சத்தமும் விழுந்தது. அந்தச் சத்தம் எவ்வளவு நன்றாக இருந்தது என்று உனக்கு எழுதத் தெரியவில்லை. டாக்டர் சொன்னபடி அவனுடைய கட்டிலில் மல்லாக்கப் போட்டேன், தலையணை இல்லை, மெத்துமெத்தென்று ஒன்றும் இல்லை. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். ஒரு வரி எழுதுகிறேன், ஒரு தடவை அவன் நெஞ்சைப் பார்க்கிறேன். ஏறுகிறது, இறங்குகிறது.

நீ கிளம்பி வா. முதலில் உங்கள் ஊர் டாக்டரிடம் கக்குவான் ஊசி போட்டுக்கொள், பெரியவர்களுக்கும் உண்டாம். ஊசி போடாமல் இந்த வாசலை மிதித்தால் கேஸ்காரனுக்கு நடந்ததுதான் உனக்கும். குடையை எடுத்துக்கொண்டு வா. கம்பியை நான் சரி பண்ணிக்கொள்கிறேன்.

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். டைப்பிஸ்ட் அம்மா பாவம், எனக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தார்கள். கம்பவுண்டருக்குத் தெரிந்தது அவ்வளவுதான், நெஞ்சில் குழல் வைத்துப் பார்க்கிற வேலை அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. உன் அம்மாவுக்குப் பேத்தி போன துக்கம், யாரையாவது கடிக்க வேண்டியிருந்தது, நான் கிட்டே இருந்தேன். எல்லாரையும் விட்டாயிற்று.

குளிரில் கிடக்கிறாளே என்று பொட்டுவை என் பக்கத்தில் கொண்டுவந்து போட்ட கையையும் நான் திட்டமாட்டேன். அது நல்ல கை. போர்த்திவிட்டுப் போயிருக்கிறது. ஆனால் திரும்பி வந்து, தொட்டிலைப் பார்த்து, உன்னைப் பார்த்து, தொப்பியை ஆணியில் மாட்டின கை வேறு. அந்தக் கைக்குப் பிறகு எத்தனை ஆயிரம் தடவை சோறு போட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் சொல்லியிருக்கலாம். கடைசியாகப் படுக்கையில் கிடந்தபோது, "நீ என்னை நல்லாப் பாத்துக்கிட்ட" என்றுகூடச் சொல்ல முடிந்தது. இது மட்டும் வரவில்லை.

சுவரில் படம் இருக்கிறது. மகன் கழற்றட்டுமா என்றான். வேண்டாம் என்றுவிட்டேன், எதிரே இருந்தால்தான் கேட்க முடியும். ஊரையே எழுப்பத் தெரிந்தவன், எனக்காக ஒரு தடவை வாயைத் திறந்து ஊதவில்லை. கட்டிக்கொண்ட நாளிலிருந்து நான் சொல்லாத பேரை இன்றைக்குப் படத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன். குண்டு திடுக்கிட்டுக் கையைக் காலை உதறினான், மறுபடி தூங்கிவிட்டான். உனக்கும் எழுதியே தருகிறேன், பத்திரமாக வைத்துக்கொள். நான் மன்னிக்காத ஆள் ஒருத்தன்தான்.

விசிலு.